டர்போ வண்டியும் டாக்டர் வண்டியும்

அக்கா ஏன் அந்த வெள்ளை வண்டியை வாங்கவில்லை என்று நீங்கள் ரெண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். வண்டி பார்க்கப் போன அன்றைக்கு நீங்கள் பள்ளிக்கூடத்தோடு அமிர்திக் காட்டுக்குச் சுற்றுலா போய்விட்டீர்கள். திரும்பி வந்து, மான் பார்த்தோம், அருவியில் தண்ணியே இல்லை என்று சொன்னீர்கள். நாங்கள் பார்த்ததை நான் சொல்லவில்லை. வாயால் சொன்னால் நடுவில் உங்கள் அம்மா புகுந்து திருத்துவாள். அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்ற கை இது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒன்று. நான் எதையும் சட்டென்று நம்புகிறவன் இல்லை. அதற்கு என் வேலையும் ஒரு காரணம். டேனரியில் நான் என்ன செய்கிறேன் என்று கேட்டால் "அப்பா தோல் பார்க்கிறார்" என்று சொல்கிறீர்கள். சரிதான். முடித்த தோலைத் தரம் பிரிப்பதுதான் வேலை. நல்ல தோலுக்கு மேல்பூச்சு அதிகம் வேண்டாம். உண்ணி கடித்த தழும்பும் முள் கீறின கோடும் இருக்கிற தோலைத்தான் தேய்த்து, சாயம் ஏற்றி, மேலே அச்சு வைத்துப் பளபளவென்று ஆக்குவார்கள். எனவே ஒன்று பளபளத்தால் என் கை தானாக அதைத் திருப்பிப் பார்க்கும். கத்திரிக்காயானாலும் அப்படித்தான், உங்கள் ரேங்க் கார்டானாலும் அப்படித்தான்.

அக்கா ஓசூரில் உதிரிபாகக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள் அல்லவா, அங்கேதான் இந்தப் பந்தயப் பழக்கம் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பந்தயப் பாதை இருக்கிறது. ஒருத்தரை ஒருத்தர் முந்துவது இல்லை. ஒவ்வொருவராகப் போய், எவ்வளவு நேரத்தில் சுற்றி வருகிறார்கள் என்று பார்ப்பார்கள். கூட வேலை செய்கிறவர்களின் வண்டியில் இரண்டொரு முறை ஓட்டியிருக்கிறாள். புதியவர்களுக்கான அடுத்த போட்டிக்குப் பேர் கொடுத்துவிட்டாள். அதற்குச் சொந்த வண்டி வேண்டும். புதுசு நமக்கு எட்டாது. செகண்ட் ஹேண்டில் நன்றாக இழுக்கிற வண்டி வேண்டும்.

உங்கள் அம்மா கடைசியில் ஒப்புக்கொண்டாள். எப்படி ஒப்புக்கொண்டாள் என்று கேளுங்கள்.

"ஒரே ஒரு தடவை. இந்த வண்டி ஒர்க்‌ஷாப்ல போய்ப் படுத்துச்சுன்னா, அதோட பந்தயப் பேச்சை விட்டுடணும். அப்புறம் நான் காட்டுற பையனைப் பார்க்கணும்."

"சரிம்மா," என்று அக்கா உடனே அம்மா கையில் அடித்துக் கொடுத்துவிட்டாள்.

தப்பான வண்டியைப் பிடித்தால் கதை அதோடு முடிந்தது. அக்கா கொடுத்த சத்தியத்தை மாற்ற மாட்டாள். அவளுக்கு ஓட்டுவது எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் தூக்கத்தில்கூட இடது காலால் கிளட்சை மிதிக்கிறாள்.

இரண்டு வண்டி பார்த்து வைத்திருந்தாள். ராணிப்பேட்டையில் ஒரு சின்ன சிவப்பு வண்டி. அது டர்போ. நம் ஆம்பூரிலேயே பைபாஸ் ஓரம் பழைய வண்டி விற்கிற ஒரு யார்டில் நீளமான வெள்ளை வண்டி. அது டர்போ இல்லாதது. அக்கா அதை என்.ஏ. என்பாள்.

வித்தியாசம் என்ன என்று அவள் எனக்குச் சொன்னதை உங்களுக்குச் சொல்கிறேன். பிரியாணிக் கடையில் விறகடுப்பைப் பார்த்திருக்கிறீர்கள். காற்று தானாக வந்தால் தீ தன் பாட்டுக்கு எரியும். குழலை வைத்து ஊதினால் குப்பென்று எழும்பும். என்.ஏ. என்ஜின் தானாக மூச்சிழுக்கிறது. எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு பலம். டர்போ வண்டியில் என்ஜின் விடுகிற புகையே ஒரு குட்டி விசிறியைச் சுற்றும். அது இன்னொரு விசிறியைச் சுற்றி, வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும். காற்று ஜாஸ்தி, பெட்ரோல் ஜாஸ்தி, இழுவை ஜாஸ்தி.

கேட்கும்போதே எனக்குப் பிடிக்கவில்லை. விட்ட புகையை வைத்தே வேலை வாங்குவதா? இதில் எங்கேயோ ஏமாற்று இருக்கிறது என்று பட்டது.

டேனரியில் என் பக்கத்து மேஜையில் தோல் பார்க்கிற பாயிடம் கேட்டேன். அவர் வீட்டில் பிள்ளைகள் எல்லாம் வண்டிப் பைத்தியம்.

"டர்போவா? வேணாம் தோஸ்த்," என்றார். "புதுசுல நல்லா ஓடும். ரெண்டாம் கைக்கு வரும்போது மூச்சு வாங்கும். முன்னாடி வெச்சிருந்தவன் அதை எப்படி மிதிச்சான்னு உனக்கு இன்னா தெரியும்? ஆயில் மாத்துனானா, மாத்தலையா, யாரு பார்த்தா? ஒரே பேஜார்."

அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன்.

"என்.ஏ. வண்டியை மட்டும் முன்னாடி வெச்சிருந்தவன் கோயில் தேர் மாதிரி ஓட்டியிருப்பானாப்பா?" என்றாள்.

அதுவும் நியாயம்தான். இருந்தாலும் என் மனசு வெள்ளை பக்கம் சாய்ந்துவிட்டது. அவள் மனசு சிவப்பு பக்கம் என்பதும் தெரிந்தது. ஓசூரில் அவள் தோழிகள் யாராவது டர்போ டர்போ என்று ஏற்றி விட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் முதல் பஸ்ஸில் ராணிப்பேட்டை போனோம். விற்கிறவன் தொழிற்பேட்டையில் கெமிக்கல் கம்பெனியில் வேலை செய்கிற பையன். "பொண்ணு வீட்ல பெரிய வண்டி எதிர்பார்க்கிறாங்க சார், அதான் குடுக்கிறேன்," என்று சொல்லி, நாங்கள் கேட்காமலே போனில் நிச்சயதார்த்த போட்டோவைக் காட்டினான். கேட்காமல் காட்டுகிறவன் மேல் எனக்கு எப்போதுமே ஒரு கண்.

பானெட்டில் கை வைத்தேன். சூடாக இருந்தது.

இது முக்கியம், கேளுங்கள். பழைய வண்டியை ஆறின நிலையில்தான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். கோளாறு இருந்தால் அப்போதுதான் புகையும் சத்தமும் வெளியே வரும். சூடேற்றி வைத்துவிட்டால் அடங்கிவிடும்.

"ஏன் தம்பி சூடா இருக்குது?"

"டிபன் வாங்கப் போய்ட்டு வந்தேன் சார். வேணும்னா ஆற வெச்சுப் பாருங்க."

"ஆற வெச்சே பார்க்கிறோம்," என்றேன்.

எதிர்த்த டீக்கடையில் போய் உட்கார்ந்தோம். வண்டி கண்ணில் படுகிற பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்தேன். நாம் போனதும் வந்து மறுபடி ஸ்டார்ட் போட்டுவிட்டால்? டீ குடித்தேன், பஜ்ஜி சாப்பிட்டேன், மறுபடி டீ குடித்தேன்.

"அப்பா, அவன் திருடன் இல்ல," என்றாள் அக்கா.

"நானும் அப்படிச் சொல்லலையே."

"உன் மூஞ்சி சொல்லுது."

ஆறின பிறகு ஸ்டார்ட் செய்தோம். புகை இல்லை. நான் குனிந்து சைலன்சர் வாயில் என் வெள்ளைக் கர்ச்சீப்பைத் தேய்த்தேன். கன்னங்கரேலென்று வந்தது. "பார்த்தியா!" என்று அக்காவிடம் நீட்டினேன்.

"இந்த மாதிரி வண்டில கறுப்பு கொஞ்சம் இருக்கும்பா. நீலமா புகை வந்தாத்தான் ஆயில் எரியுதுன்னு பயப்படணும். அம்மா கர்ச்சீப்பைப் பார்த்தாத்தான் இப்ப பயம்."

வாலாஜா போகிற ரோட்டில் ஓட்டிப் பார்த்தாள். நான் பக்கத்தில், பையன் பின்னால். ரோடு காலியான இடத்தில் மிதித்தாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. வண்டி என்னவோ யோசித்தது. அப்புறம் யாரோ முதுகைப் பிடித்துச் சீட்டோடு அழுத்தின மாதிரி ஒரு தள்ளு. நான் மேலே கைப்பிடியைத் தேடினேன். சொன்ன வேலையை உடனே செய்யாமல் கொஞ்சம் நின்று, அப்புறம் சொன்னதுக்கு மேலேயே செய்கிற ஆட்களை டேனரியில் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் கண் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அக்காவோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து நிறுத்தினதும் அந்தப் பையன், "மேடம், உடனே ஆஃப் பண்ணாதீங்க. கொஞ்ச நேரம் சும்மா ஓடட்டும்," என்றான். டர்போ நெருப்பாகச் சுட்டிருக்குமாம். ஆயில் சுற்றி வந்து ஆற்றினால்தான் ஆயுள் நீளுமாம்.

"பார்த்தியாப்பா? விக்கப் போற வண்டிக்குக்கூட எவ்வளவு பதறுறான்," என்று அக்கா என் காதில் சொன்னாள்.

நம் எதிரில் நடிக்கிறான் என்று எனக்குத் தோன்றியது.

மத்தியானம் ஆம்பூருக்கு வந்து யார்டுக்குப் போனோம். யார்டுக்காரர் வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்போடு வெள்ளை வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"டாக்டர் வண்டி சார். ஒரே ஓனர். ஆஸ்பத்திரி, வீடு, ஆஸ்பத்திரி, வீடு. அவ்வளவுதான் ஓடியிருக்கு."

வேலூர்ப் பக்கம் விற்கிற பழைய வண்டி எல்லாமே டாக்டர் வண்டிதான். இத்தனை டாக்டர்கள் இருந்தும் ஆஸ்பத்திரியில் ஏன் நாம் இவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்று தெரியவில்லை. டாக்டர் கதையை நான் நம்பவில்லை. ஆனால் வண்டி என்னை மயக்கிவிட்டது. ஷெட் நிழலில் நின்ற பானெட் ஜில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் புகையில்லை, நடுக்கமில்லை. சட்டையைப் பார்க்காமல் தரையில் படுத்து அடியிலும் பார்த்தேன். முன்பக்கம் இயல்பான அழுக்கு. பூசி மெழுகவில்லை. சீட் நல்ல தோல், பூச்சு குறைவு, டிரைவர் பக்க ஓரம் மட்டும் பழகின செருப்பு மாதிரி கொஞ்சம் மடிந்திருந்தது. கையால் தடவி, சரிதான், இது பொய் சொல்லவில்லை என்று முடிவுகட்டிவிட்டேன். சீட்டை வைத்து வண்டியை நம்பியது நம் ஊர்க்காரன் புத்தி.

நானே ஓட்டினேன். மிதித்தால் மிதித்த அளவுக்குப் போனது. யோசனை இல்லை, தள்ளு இல்லை. என்ஜின் சுற்றச் சுற்றச் சத்தம் மேலே ஏறி நாதஸ்வரம் மாதிரி இழுத்தது. இதுதான் நம் வண்டி என்று தோன்றியது.

அப்புறம் அக்கா ஓட்டினாள். ஏறினதும் நாலு ஜன்னல் கண்ணாடியையும் இறக்கினாள். பாதியிலேயே திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தி இறங்கினாள்.

"என்னமா, நல்லா இல்லையா?"

"என்ஜின் நல்லா இருக்குப்பா. ஆனா வண்டிக்குள்ள உப்புத் தோல் நாத்தம் அடிக்குது."

நான் தலையை உள்ளே விட்டு மோந்தேன். பின்னால் பார்க்கிற கண்ணாடியில் தொங்கிய மல்லிகைப்பூ செண்ட் அட்டை வாசனைதான் வந்தது.

"ஒண்ணுமே இல்லையே."

"அடிக்குதுப்பா."

யார்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாம்மா இது? எதுவும் சொல்லக் கிடைக்கலன்னா இப்படிச் சொல்லுவியா?" என்று அவரும் உள்ளே தலையை விட்டார். வண்டி கழுவுகிற ஆளைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னார். அவரும் பார்த்தார். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்து அவரும் பார்த்தார். ஒரு வண்டிக்குள் இத்தனை பேர் மூக்கை விட்டதை நான் பார்த்ததே இல்லை. ஒருத்தருக்கும் ஒரு நாற்றமும் வரவில்லை.

"நாலு பேர் சொல்றோம், உனக்கு மட்டும் எப்படிம்மா அடிக்கும்?" என்றார் யார்டுக்காரர்.

எனக்கும் அதே கேள்விதான். இன்னும் ஒரு படி மேலே போய்விட்டேன். அக்காவைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன்: "பாப்பா, உனக்குச் சிவப்பு வண்டிதான் வேணும்னா நேரா சொல்லு. இல்லாத நாத்தத்தை ஏன் சொல்றே?"

அவள் முகம் மாறியது. அழவில்லை, கத்தவில்லை. நான் இன்னார் என்று இப்போதுதான் தெரிந்துகொண்ட மாதிரி ஒரு பார்வை பார்த்தாள்.

"நீ ராணிப்பேட்டைப் பையனை நம்பல. சரி. யார்டுக்காரரை நம்பல. அதுவும் சரி. என்னையுமாப்பா?"

நான் மறுபடி அந்த வண்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

"நான் ரெண்டு வருஷமா வெளியூர்ல இருக்கேன்பா," என்றாள். "ஓசூர்ல இருந்து வரும்போது பஸ் வாணியம்பாடி தாண்டினா கண்ணை மூடிக்கிட்டு இருந்தாலும் இந்த நாத்தத்தை வெச்சே எனக்குத் தெரியும், ஊர் வந்துடுச்சுன்னு. உங்க யாருக்கும் அது தெரியாது. இங்கேயே இருந்தப்ப எனக்கும் தெரியாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பச்சைத்தோல் கிடங்கில்தான் போட்டார்கள். தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு அடுக்கி வைப்பார்கள். முதல் வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் நாற்றம் போய்விட்டது என்று நினைத்தேன். போனது நாற்றம் இல்லையே.

என் மூக்கு நம்பிக்கைக்கு உதவாது என்று தெரிந்த பிறகு பாக்கி இருந்தது கைதான். வண்டியின் டிக்கியைத் திறக்கச் சொன்னேன்.

"அதுல இன்னா சார் பார்க்கப் போறீங்க, புது மேட்டு விரிச்சிருக்கு," என்றார் யார்டுக்காரர்.

மேட்டு புதுசு என்பதே எனக்குப் போதும். ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். பசை போட்டு ஒட்டியிருந்தது. உரிந்து வந்தது. ஸ்டெப்னி டயரைத் தூக்கி வெளியே வைத்தேன். அந்தப் பள்ளத்தில் கையை விட்டால் ஈரமாக நறநறவென்றது. கல் உப்பு. வெளியே எடுத்து வெயிலில் பார்த்தேன். உப்போடு ஒட்டிக்கொண்டு பழுப்பாக ரெண்டு மூன்று ஆட்டு முடி.

யார்டுக்காரர் முகம் செத்துப்போனது. நடித்தாரா, நிஜமாகவே அவருக்கும் தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை.

"டாக்டர் வண்டின்னு சொன்னீங்களே அண்ணே," என்றாள் அக்கா. "தோல் டாக்டரா?"

பஞ்சர் கடைக்காரர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

யாரோ தோல் வியாபாரி, உப்புப் போட்ட தோலைச் சாம்பிளுக்கு டிக்கியில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறான். தோலில் இருந்து வடிந்த உப்புத் தண்ணி தகரத்தைத் தின்றிருக்கிறது. அக்கா போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்துப் பார்த்தாள். பின் சக்கரத்து ஷாக் அப்சார்பர் மேலே வந்து மாட்டுகிற இடம் வரைக்கும் துரு ஏறியிருந்தது. ஸ்டெப்னியோடு கிடந்த ஸ்பேனரால் தட்டினாள். செதில் செதிலாகக் கொட்டியது.

"வளைவுல வேகமா திருப்பும்போது மொத்தப் பாரமும் இங்கதான்பா வரும்," என்றாள். "என்ஜினைப் பத்தியே நாம சண்டை போட்டுக்கிட்டிருந்தோம்."

அந்த இடம் பிய்ந்துகொண்டு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

அடுத்த நாளே ராணிப்பேட்டைக்குப் போனோம். அன்றைக்கு பானெட் ஆறியிருந்தது. அந்தப் பையன், "டிபனுக்கு நடந்தே போனேன் சார்," என்றான். அக்கா வண்டிக்குள் போய் உட்கார்ந்து கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிக்கொண்டாள். நான் வெளியே நின்று அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்து, "சாம்பார் வாசனை மட்டும்தான்," என்றாள். டிக்கி மேட்டையும் நான் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சரி சொன்னேன்.

அதனால் டர்போ நல்லது, மற்றது கெட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். துருப்பிடிக்காத வெள்ளை வண்டியாக இருந்தால் நான் இன்றைக்கும் அதைத்தான் சொல்லுவேன். டர்போவை நான் இன்னும் முழுசாக நம்பவில்லை. அக்கா சனிக்கிழமை வந்தால் பானெட்டில் காதை வைத்து விசில் சத்தம் மாறியிருக்கிறதா என்று கேட்கிறேன். பாய் கேட்டால், "இப்போதைக்கு ஓடுது," என்று மட்டும் சொல்கிறேன்.

போட்டிக்குப் போய்விட்டு அவள் திரும்பி வந்த சாயங்காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வண்டி வாசலில் நின்றதும் நீங்கள் ரெண்டு பேரும் ஓடிப்போய், "கப்பு எங்கே?" என்று கேட்டீர்கள். கப்பு இல்லை. நடுவில் ஏதோ ஒரு இடத்தில் வந்தாள். ஆனால் வண்டி எங்கேயும் படுக்கவில்லை, தன் காலிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மா வாசலிலிருந்தே வண்டியை மேலும் கீழும் பார்த்தாள். "சரி, அடுத்த போட்டி எப்போ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அக்கா ஜெயித்தது அங்கேதான்.

நீங்கள் அம்மா பின்னால் ஓடிவிட்டீர்கள். அக்கா என்ஜினை ஆஃப் செய்யாமல் டர்போ ஆறுவதற்காக உட்கார்ந்திருந்தாள். நான் அப்போதுதான் டேனரியிலிருந்து வந்திருந்தேன், சட்டைகூட மாற்றவில்லை. கதவைத் திறந்து அவள் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன். சும்மா ஓடுகிற என்ஜின் சத்தத்தை ரெண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

யார்டில் இருந்து வந்த நாள் முதல் ஒரு கேள்வி எனக்குள் கிடந்தது. கேட்டுவிட்டேன்.

"பாப்பா, நம்ம வீட்லயும் அந்த நாத்தம் அடிக்குதா? என் மேல?"

அக்கா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சே, இல்லப்பா," என்றாள்.

வண்டி விற்கிற எத்தனையோ பேர் பேச்சைக் கேட்டு வந்தவன் நான். என்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஏ.சி. போட்டிருந்தது, ஜில்லென்று காற்று வந்துகொண்டிருந்தது. நான் கதவைச் சாத்தினதும் அவள் கை ஓசைப்படாமல் பக்கத்தில் இருந்த கண்ணாடிப் பட்டனுக்குப் போனதை நான் பார்த்திருந்தேன். நாலு கண்ணாடியும் இறங்கித்தான் இருந்தன.